பை எவ்வளவு கொள்ளும் என்பதல்ல கேள்வி

கமராவுக்கு முதுகுப்பை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதுக்குள்ள எவ்வளவு கொள்ளும்?" என்றுதான். பை செய்கிற நிறுவனங்களும் அந்தக் கேள்விக்கு ஏற்றபடியே விளம்பரம் செய்கின்றன. 20 லீற்றர், 30 லீற்றர் என்று எண் போடுகிறார்கள். இரண்டு கமரா, ஐந்து லென்ஸ், மடிக்கணினி, பக்கத்தில் முக்காலி என்று எல்லாவற்றையும் அடுக்கிப் படமும் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் பெரிய பைதான் லாபம் என்று தோன்றும். ஆனால் சாமான்களைச் சேர்த்துவைக்க வீட்டில் அலுமாரி இருக்கிறது. பை எதற்கென்றால், கமராவைப் படம் எடுக்கும் இடம்வரை கொண்டுபோகவும் வேண்டிய கணத்தில் கைக்குக் கொடுக்கவும். அப்படிப் பார்த்தால் நல்ல பையின் இலக்கணம் மாறிவிடுகிறது. அன்றைக்கு உண்மையாகப் பயன்படுத்தப் போகிற சாமானுக்கு மட்டும் இடமுள்ள, தரையில் இறக்காமலே கமராவை எடுக்க விடுகிற, இருப்பதற்குள் சிறிய பையே நல்ல பை. ஏரியும் காடும் ரயிலும் பனியும் ஒன்றாக இருக்கிற, கனடாவின் பிக்கரிங் போன்ற ஊரில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

சுமப்பதற்கும் எடுப்பதற்கும் இடையிலான இழுபறிதான் கமராப் பையின் வரலாறு. 1970களின் நடுப்பகுதியில் பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி, அக்காலத்துக் கனத்த பெட்டிகளோடு மல்லுக்கட்டி அலுத்து, தடித்த கன்வஸ் துணியில் ஒரு தோள்பையை வடிவமைத்தார். எஃப்-2 என்ற பெயரில் அது பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடையே பரவியது. மூடியைத் தூக்கினால் எல்லாம் கைக்குள் இருக்கும். ஆனால் பாரம் முழுவதும் ஒரே தோளில் விழும். மலையேறிகள் வேறு வழியில் வந்தார்கள். அமெரிக்க மலையேறி கிரெக் லோ 1960களின் பிற்பகுதியில் உட்சட்டகம் வைத்த முதுகுப்பையை உருவாக்கினார். லோப்ரோ என்ற கமராப் பை நிறுவனம் அந்த மரபில் வந்தது. முதுகுப்பை பாரத்தை இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்துவிடும். ஆனால் கமரா முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டாமல் போய்விடும். இன்று கடையில் காணும் பக்க ஸிப், முதுகுப்புற ஸிப், மேல்வாய் எல்லாமே இந்த இரண்டையும் சமரசப்படுத்தச் செய்த முயற்சிகள்தான். எந்தச் சமரசம் நல்லது என்பதை, நாம் நடக்கிற தரைதான் தீர்மானிக்க வேண்டும்.

பிக்கரிங்கில் லிவர்பூல் வீதியின் தெற்கு முனையில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் போட்டிருக்கும் பலகைப் பாதையையும் அதன் மேற்கே மணல்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் பிரெஞ்ச்மன்ஸ் பேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாணல் ஓரத்தில் பெரிய நீல நாரை அசையாமல் நிற்கிறது. பை, முன்பக்கம் திறக்கிற வகை. முதலில் நெஞ்சுப் பட்டியைக் கழற்ற வேண்டும், பிறகு இடுப்புப் பட்டி, பிறகு ஒவ்வொரு தோளாக. அடுத்தது, பையை எங்கே வைப்பது? ஏப்ரலில் சேறு, நவம்பரில் ஈரமணல், ஜனவரியில் உப்புக் கலந்த பனிக்குழம்பு. முன்பக்கம் திறக்கும் பையை மல்லாத்தி வைத்தால், முதுகைத் தொடும் பஞ்சும் தோள்பட்டிகளும் அந்த ஈரத்தை உறிஞ்சும். திரும்பப் போட்டுக்கொள்ளும்போது அது ஜக்கெற்றுக்கு வந்து சேரும். பிறகு கையுறையோடு ஸிப்பை மூன்று பக்கமும் சுற்றி இழுத்து, மூடியை மடித்து, லென்ஸ் மூடியைக் கழற்றும்போது நாரை மறுகரையில் இருக்கும். பக்கத்தில் திறக்கிற பையானால் கதை வேறு. ஒரு தோளை மட்டும் கழற்றி, மற்றத் தோளில் தொங்கவிட்டபடி பையை முன்னுக்குச் சுழற்றி, பக்க ஸிப்பை இழுத்தால் கமராவின் பிடி கைக்கு வரும். முதுகுப்புறம் திறக்கிற பையிலும் ஒரு வழி உண்டு: இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் தோள்பட்டிகளிலிருந்து மட்டும் கையை எடுத்து, பையை வயிற்றுப் பக்கம் திருப்பினால், அது ஒரு தட்டுப்போல முன்னால் நிற்கும். இரண்டிலும் பை தரையைத் தொடுவதில்லை.

அடுத்தது பாரம். இதை ஊகத்தில் பேசத் தேவையில்லை. தயாரிப்பாளர்கள் கிராம் கணக்கில் தருகிறார்கள். சோனி ஏ7 IV கமரா பற்றரியோடு 658 கிராம். பறவை எடுக்கிறவர்கள் விரும்பும் 200-600 லென்ஸ் முக்காலிப் பிடி இல்லாமலே 2,115 கிராம். காட்சிகளுக்கென்று 24-105 லென்ஸ் ஒன்று, 663 கிராம். இதுவரை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. நன்றாகப் பஞ்சு வைத்த கமராப் பைகள் வெறுமையாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். ஒரு லீற்றர் தண்ணீரையும் இலேசான ஒரு முக்காலியையும் சேர்த்தால் எட்டுக் கிலோவை நெருங்கிவிடும். ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் சுமக்காதிருப்பது நல்லது என்பது நடைப்பயணக்காரர்களின் பொதுக்கணக்கு. 70 கிலோ ஆளுக்கு அது 7 கிலோ. "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு லென்ஸை வைக்க முன்னரே எல்லையைத் தாண்டிவிட்டோம். அதே பறவைகளுக்கு கனொன் ஆர்7 கமராவோடு 100-400 லென்ஸைக் கொண்டுபோனால் இரண்டும் சேர்ந்து 1,247 கிராம்தான். மங்கலான வெளிச்சத்தில் சில இழப்புகள் உண்டு. ஆனால் பாரம் பாதிக்கும் குறைவு, பையும் ஒரு அளவு சிறியதாகும். ரூஜ் தேசிய நகரப் பூங்காவின் மாஸ்ட் பாதையில் ஏறி இறங்கும்போது இந்த வித்தியாசத்தை முழங்கால் உடனே சொல்லும்.

பாரம் எவ்வளவு என்பதைப்போல, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். தலையைக் குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையான நீளத்தைத்தான் முதுகுப்பைக்கு அளக்க வேண்டும். ஆளின் உயரம் இதற்கு உதவாது. மலையேற்றப் பைகள் இந்த நீளத்துக்கேற்பப் பல அளவுகளில் வருகின்றன. கமராப் பைகளோ பெரும்பாலும் ஒரே அளவில் வருகின்றன. முதுகு குட்டையானவர்களுக்கு, குறிப்பாகப் பல பெண்களுக்கு, அதன் இடுப்புப் பட்டி எலும்பைவிட்டு இறங்கி வயிற்றை அழுத்தும். அப்போது அது அலங்காரம் மட்டுமே. பாரம் திரும்பவும் தோளுக்குத்தான் போகும். பையின் ஆழமும் கவனிக்க வேண்டியது. கனமான லென்ஸ் முதுகிலிருந்து விலக விலக உடம்பைப் பின்னுக்கு இழுக்கும்; நாம் கழுத்தை முன்னுக்கு நீட்டி அதைச் சமன்செய்வோம். அகலம் கூடி ஆழம் குறைந்த பையில் இந்தத் தொல்லை குறைவு.

பெரிய பையை வாங்கிப் பாதி மட்டும் நிரப்பினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் மூன்று காரணங்களால் அது சரிவருவதில்லை. பஞ்சும் சட்டகமும் ஸிப்புகளும் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒரே எடை. இறுக்கமில்லாத அறையில் லென்ஸ் ஆடும். நடக்கும்போது பாரம் பக்கத்துக்குப் பக்கம் நகரும். மூன்றாவது மனித சுபாவம்: வெற்றிடம் கண்டால் எதையாவது வைக்கச் சொல்லும். "தேவையான லென்ஸ் வீட்டில் கிடந்து படம் தவறிப்போனால்?" என்பது இதையொட்டி வரும் பயம். அதற்கு விடை நமது பழைய படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டிஜிற்றல் படத்திலும் எந்த லென்ஸ், எந்தக் குவியத் தூரம் என்ற விபரம் பதிவாகிறது. லைற்றூம் போன்ற மென்பொருளில் ஒரு வருடப் படங்களை லென்ஸ் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எப்போதும் சுமந்துபோய் எப்போதாவது எடுத்த லென்ஸ் எது என்று அங்கே தெரிந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முதுகில் போடுவதை அளக்காமல் விடலாமா? சிறிய பை வைத்திருப்பவர் சில நாளில் ஒரு லென்ஸை விட்டுவிட்டுப் போவார். பெரிய பை வைத்திருப்பவர், பாரத்தை நினைத்துச் சில நாளில் கமராவையே விட்டுவிட்டுப் போவார். இரண்டில் எது பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

பிக்கரிங் குளிரில் பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டுக்குள் 21 பாகை வெப்பமும் 40 சதவீத ஈரப்பதனும் இருந்தால், சுமார் 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியும். உறைகுளிரில் இரண்டு மணித்தியாலம் கிடந்த கமராவை நேரே வரவேற்பறையில் எடுத்துவைத்தால் லென்ஸும் உடலும் வியர்ப்பது இதனால்தான். அந்த ஈரம் உள்ளே போனால் ஆபத்து. வெளியிலேயே கமராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை முழுதாக மூடி, வீட்டுக்குள் கொண்டுவந்து ஓரிரு மணித்தியாலம் திறக்காமல் விட்டால், பஞ்சு மெதுவாகச் சூடேற விடும். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால் வெளியிலேயே நினைவு அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இது தலைகீழாக நடக்கும்: குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குள் வரும்போது லென்ஸ் மூடுபனி கட்டும். அங்கும் மருந்து மூடிய பைதான். ஆகவே பஞ்சின் தடிப்பிலும் ஸிப்பின் இறுக்கத்திலும் சிக்கனம் கூடாது. குளிரில் லித்தியம் பற்றரிகள் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மேலதிக பற்றரியைப் பையில் வைக்காமல் ஜக்கெற்றின் உள்ளே, உடம்புச் சூட்டோடு வைப்பது நல்லது. அப்படிச் செய்தால் பையில் ஒரு அறை குறைந்தாலும் போதும்.

வருடமொருமுறையோ இரண்டு வருடத்துக்கொருமுறையோ ஊருக்குப் போகிறவர்களுக்கு விமானம் இன்னொரு அளவுகோல். எயர் கனடா கையோடு கொண்டுபோக விடும் பையின் அளவு 55 × 40 × 23 சென்ரிமீற்றர். ஆசனத்துக்குக் கீழ் வைக்கும் சிறு பை 43 × 33 × 16. அளவோடு எடையையும் பார்க்கும் நிறுவனங்கள் உண்டு. துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு எமிரேட்ஸ் சாதாரண வகுப்பில் தரும் கைப்பை எல்லை 7 கிலோ. மேலே கூட்டிப் பார்த்த எட்டுக் கிலோ அங்கே நிற்காது. கமராவைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடலாம் என்றால், மேலதிக லித்தியம் பற்றரிகளை அதில் வைக்கவே கூடாது என்பது சர்வதேச விதி. அவை கைப்பையில்தான் வரவேண்டும், முனைகள் ஒன்றோடொன்று முட்டாதபடி மூடியிருக்கவும் வேண்டும். 100 வோற்-மணி வரையானவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. சோனியின் கமராப் பற்றரி 16.4 வோற்-மணிதான். விமான வாசலில் இடமில்லை என்று கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும்போதும் இதே விதிதான்: பற்றரிகளை வெளியே எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆகவே எல்லாப் பற்றரிகளையும் ஒரே சிறு உறையில் போட்டு, பையின் மேல்வாயில் வைப்பது வரிசையில் நின்று தடுமாறுவதைத் தவிர்க்கும். ஆசனத்துக்குக் கீழே அடங்குகிற பைக்கு இந்தக் கவலையே இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. பிக்கரிங் நிலையத்திலிருந்து யூனியன் நிலையத்துக்குப் போகும் நெரிசலான கோ ரயிலில், பக்க ஸிப் பையைப் பின்னால் நிற்பவர் திறக்கலாம். முதுகுப்புற ஸிப் நம் முதுகோடு ஒட்டியிருப்பதால் யாராலும் முடியாது. இது உண்மை. ரயிலில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்வதும், ஸிப்பின் வாலைக் கொளுவி வைக்க வளையம் உள்ள பையைத் தேர்வதும் அதற்குப் போதுமான பதில். இதைவிட வலுவான எதிர்வாதம் தொழில் செய்கிறவர்களிடமிருந்து வரும். கல்யாணத்திலோ சாமத்தியவீட்டிலோ அரங்கேற்றத்திலோ ஒரு கமரா நின்றுவிட்டால் திரும்பச் செய்யச் சொல்ல முடியாது. இரண்டு கமரா, பல லென்ஸ், ஃபிளாஷ், பற்றரிகள் என்று எல்லாம் இரட்டையாக வேண்டும். அவர்களுக்குச் சிறிய பை போதாதுதான். ஆனால் பெரிய முதுகுப்பையும் அவர்களுக்கு விடையல்ல. மண்டபத்தில் தரை மட்டமானது. சில்லுப் பூட்டிய பெட்டி எல்லாவற்றையும் காரிலிருந்து உள்ளே கொண்டுவந்துவிடும். மேடையோரம் நிற்கும்போது உடம்பில் இருக்க வேண்டியது இரண்டு கமராவும் இடுப்பில் ஒரு சிறு பையும்தான். வைக்கும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் பிரித்துவிட்டால் அவர்களும் சிறிய பைக்கே வந்துசேருகிறார்கள்.

காசைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. கமரா வைப்பதற்கென்று தனியாக விற்கும் பஞ்சுப் பெட்டியை வாங்கி, ஏற்கெனவே முதுகுக்குப் பொருந்தும் நடைப்பயணப் பையில் இறக்கிவிடலாம். பை சரியாகச் சுமக்கும், கமராப் பை என்று வெளியில் தெரியாது, ஊருக்குப் போகும்போது பெட்டியை மட்டும் எடுத்து வேறு பையில் வைக்கலாம். மேலிருந்து மட்டும் திறக்கிற பையானால் எடுப்பது மெதுவாகும் என்பதுதான் குறை. தோள்பட்டியில் பூட்டும் கமராக் கொளுவி ஒன்று அதைப் பெருமளவு தீர்க்கும்.

எந்தப் பையானாலும் படத்தைப் பார்த்து வாங்காமல், சொந்தச் சாமானோடு கடைக்குப் போவதே நல்லது. கமராவை லென்ஸ் பூட்டியபடியே உள்ளே வையுங்கள். 200-600 லென்ஸ் 32 சென்ரிமீற்றர் நீளம், கமராவோடு 40 வரை போகும் என்பதால் உள்நீளத்தை அளவுநாடாவால் பாருங்கள். குளிர்காலக் கையுறையைப் போட்டுக்கொண்டு, பையைத் தரையில் வைக்காமல் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுவர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் போனால், அந்தப் பை எத்தனை லீற்றர் கொண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். இடுப்புப் பட்டியைப் பூட்டியபின் தோள்பட்டியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பாரம் இடுப்பில் நின்றால் பை உங்களுடையது. அதற்குள் ஒரு லென்ஸுக்கு இடமில்லாமல் போனால், பையை மாற்றாமல் எந்த லென்ஸை வீட்டில் விடுவது என்று முடிவெடுங்கள். படம் எடுக்கப் புறப்படுமுன் எடுக்க வேண்டிய முதல் தீர்மானம் அது.