முடியாத ஜெம்ஸ் எங்கிருந்து வருகிறது?

"சேர், உம்மாட போன் சும்மா சூடாகுது. ஒருக்கா பாருங்களேன்."

தரம் 9 மாணவன் ஒருவன் பாடசாலை விட்டபின் வந்து நின்றான். நண்பன் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏ.பி.கே. கோப்பிலிருந்து 'க்ளாஷ் ஒஃப் க்ளான்ஸ்' விளையாட்டை ஏற்றியிருந்தான். ப்ளே ஸ்டோரில் இலவசமாகவே கிடைப்பதை ஏன் வெளியில் எடுத்தாய் என்று கேட்டேன். "இதுல ஜெம்ஸ் முடியாது சேர்" என்றான்.

பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய இடம் இதுதான். நம்மிடம் எத்தனை ஜெம்ஸ் உள்ளது என்ற கணக்கு போனில் இல்லை. விளையாட்டை நடத்தும் பின்லாந்தின் சுப்பர்செல் நிறுவனத்தின் சேர்வரில் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் நாமே பேனையால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்து எழுதினால் கணக்கில் பணம் ஏறுமா? ஆகவே அந்தக் கோப்பு ஒன்றில் யாரோ நடத்தும் வேறு சேர்வருக்குப் போகும் நகல், அல்லது விளையாட்டின் பெயரில் வேறு வேலைக்கு வந்தது. நகலில் கட்டும் கிராமம் உண்மையான விளையாட்டில் இருக்காது. மாற்றிய செயலிகளைச் சுப்பர்செல் தடை செய்துள்ளது. பிடிபட்டால் சொந்தக் கணக்கும் போகலாம்.

ஜெம்ஸ் போனால் போகட்டும். அந்தச் செயலி எஸ்.எம்.எஸ். வாசிக்கவும், 'அக்சஸிபிலிட்டி' வசதிக்கும் அனுமதி கேட்டிருந்தது. இரண்டையும் கொடுத்திருந்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவவென வந்த அந்த வசதி, திரையில் தெரிவதை வாசிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் செயலிக்கு இடம் கொடுக்கும். எங்கள் இறக்கக்கண்டியில் பல வீடுகளில் ஒரே போன்தான். கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பும் காசுக்கு வங்கிச் செய்தி வருவதும், ஓ.டி.பி. வருவதும் அதற்குத்தான். கோட்டை கட்டும் விளையாட்டுக்கு உம்மாவின் எஸ்.எம்.எஸ். எதற்கு?

வெளியிலிருந்து ஏற்றுவதெல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. 2018இல் ஃபோர்ட்நைட்டை அதன் நிறுவனமே ப்ளே ஸ்டோருக்கு வெளியே, தன் தளத்தில்தான் கொடுத்தது. அதன் இன்ஸ்டோலரில்கூட, போனிலுள்ள வேறொரு செயலி இடையில் புகுந்து வேறெதையாவது ஏற்றிவிடக்கூடிய ஓட்டை இருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. நிறுவனம் உடனே திருத்தியது. வட்ஸ்அப்பில் சுற்றும் கோப்பில் ஓட்டை இருந்தால் யார் திருத்துவார்?

2017இல் வந்த அன்ட்ரொய்ட் 8 முதல், வெளிச் செயலிகளை ஏற்றும் அனுமதி வட்ஸ்அப், குரோம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. செட்டிங்ஸில் 'இன்ஸ்டோல் அன்நோன் அப்ஸ்' பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால், முதலில் அக்சஸிபிலிட்டி அனுமதியை நிறுத்திவிட்டே செயலியை அகற்றுங்கள். இல்லையேல் சில செயலிகள் அகற்ற விடாது. வங்கிக் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

அந்தப் பையனின் உம்மாவுடைய காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் அதே கோப்பை இன்னும் நால்வருக்கு அனுப்பியிருந்தான். அவர்களையும் போனோடு வரச் சொல்லியிருக்கிறேன்.