கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்!
விபத்தில் கை கால் இழந்தவர்கள் நஷ்ட ஈடு பெறுவது எப்படி?

பெங்களூரில் இருந்து சேலம் போகிறவர்கள் நல்லம்பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு அப்பால் தொப்பூர் கணவாய். ஒரே இறக்கம்! பாரம் ஏற்றிய லாரிக்கு பிரேக் பிடிக்காமல் போனால், முன்னால் போகிறவர்களின் கதி என்ன?

2020 டிசம்பர் 12-ந் தேதி அங்கே ஒரு லாரி, வரிசையாக நின்ற வாகனங்கள் மீது மோதியது. 4 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரி 24-ந் தேதி மீண்டும் ஒரு கோர விபத்து. அதிலும் 4 பேர் பலி.

செத்தவர்களைப் பற்றி ஊர் பேசுகிறது. காயத்தோடு பிழைத்தவர்கள்? அவர்களுடைய கஷ்டம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது.

வீடு தேடி வரும் புரோக்கர்

நல்லம்பள்ளியில் ஒரு லாரி டிரைவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 32. மாதம் 15 ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறார். விபத்தில் இடது கை போய்விட்டது. வீட்டில் அரிசி வாங்கப் பணம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருகிறார். "இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணே. பணம் வாங்கித் தருகிறேன். வருவதில் பாதி எனக்கு" என்கிறார்.

போடலாமா? கூடவே கூடாது!

கோர்ட்டில் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்க வக்கீலுக்கே உரிமை இல்லை. அகில இந்திய பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. அப்படி இருக்க, புரோக்கருக்கு ஏது பங்கு?

ஒரே காயம், இரண்டு கணக்கு

இடது கையை இழந்த குமாஸ்தா தன் வேலையில் நீடிக்கலாம். டிரைவர்? அவருக்குப் பிழைப்பே போயிற்று. ஆகவே டாக்டர் சொல்லும் ஊன அளவை மட்டும் பார்க்கக் கூடாது. வருமானம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இது.

வருமானத்தில் 40 சதவீதம் போயிற்று என்று முடிவானால், ஆண்டுக்கு நஷ்டம் 72 ஆயிரம் ரூபாய். 32 வயதுக்காரருக்கு அதை 16-ஆல் பெருக்க வேண்டும். 11 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய்! முழு வருமானமும் போயிற்று என்று நிரூபித்தால், 28 லட்சத்து 80 ஆயிரம்! வைத்தியச் செலவு, பட்ட வேதனை ஆகியவற்றுக்குத் தனியாகக் கேட்கலாம்.

டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இதை நிரூபிப்பதுதான் வக்கீலின் வேலை.

என்ன செய்ய வேண்டும்?

போலீசாரின் முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, ஆஸ்பத்திரி பில்கள், சம்பளத்துக்கான அத்தாட்சி, ஊனச் சான்று. இவற்றில் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

வேறு ஊரில் அடிபட்டாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தம். ஆகவே நாளைக் கடத்தாதீர்கள்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? அப்போதும் வழி உண்டு. படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

ஏழைக்கும் வக்கீல் உண்டு

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி விரைவில் முடிக்கலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் கிடையாது. தொகை போதுமா என்று வக்கீலிடம் கேட்டு, வீட்டாரோடும் கலந்து பேசி, அதன் பிறகே சம்மதம் சொல்ல வேண்டும்.

போன கை திரும்பி வராது. ஆனால் அந்தக் கை சோறு போட்ட குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. யார் காகிதத்தை நீட்டினாலும், முதலில் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து அப்புறம்!