ஊவாவின் இரு நிர்வாகங்கள்: கச்சேரிக்கும் பங்களாவுக்கும் இடையில் விழுந்த கோடு

பதுளை நகரை அறிந்தோர் பலரும் ஊவா மாகாணத்தைத் தேயிலையோடும் புகையிரதப் பாதையோடும் இணைத்தே நினைவுகூர்வர். ஆயினும் இம்மாகாணத்தில் தமிழ் பேசும் மக்களின் நிலைமையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தேயிலைக்கு முன்னரே இங்கு போடப்பட்ட நிர்வாகக் கோடுகளை அறிந்திருத்தல் அவசியமாகும். யார் யாருடைய அதிகாரத்தின் கீழ் வருவர், யாரிடம் முறையிட வேண்டும், யாருக்கு வரி செலுத்த வேண்டும் என்ற வினாக்களுக்குப் பிரித்தானியர் அளித்த விடைகள், அவர்கள் சென்று பல தசாப்தங்களாகியும் மலைச்சரிவுகளில் உயிரோடிருக்கின்றன.

கண்டி இராச்சியத்தின் பகுதியாக விளங்கிய ஊவா, அந்நியப் படைகளுக்கு இலகுவில் அடிபணிந்த மண் அன்று. 1630ஆம் ஆண்டு பதுளை வரை படையெடுத்து வந்து நகரை எரியூட்டிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் தமது படையோடு அழிந்தார். ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டபோதும் மலைநாட்டைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவர முடியவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட கண்டி உடன்படிக்கையே ஊவாவைப் பிரித்தானிய முடியின் கீழ் கொண்டுவந்தது. அதுவும் போரினால் அன்றி, பிரதானிகளின் சம்மதத்தினால் நிகழ்ந்தது. பாரம்பரிய உரிமைகள் பேணப்படும் என்ற வாக்குறுதி இரண்டு ஆண்டுகளேனும் நிலைக்கவில்லை.

1817ஆம் ஆண்டு வெல்லஸ்ஸவில் வெடித்த கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியதாகும். வெல்லஸ்ஸவில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்தனர். அதுவரை அம்மக்கள் அப்பகுதித் திசாவையின் அதிகாரத்தின் கீழ் இருந்தவர்கள். ஒரு நியமனக் கடிதத்தின் மூலம் அவர்கள் திசாவையிடமிருந்து பிரிக்கப்பட்டு நேரடியாக ஆங்கிலேய அதிகாரியோடு இணைக்கப்பட்டனர். தமது வருமானமும் கௌரவமும் பறிபோவதாகப் பிரதானிகள் கருதினர். அவ்வேளையில் அரசுரிமை கோரிய ஒருவர் வெல்லஸ்ஸ காடுகளில் தோன்றிவிட்டதாகச் செய்தி பரவியது. விசாரிக்க அனுப்பப்பட்ட ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளர்களிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் பதுளையிலிருந்து புறப்பட்ட அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனும் 1817 செப்டெம்பரில் அம்புக்கு இரையானார்.

கிளர்ச்சியை அடக்குவதற்கென அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, ஆங்கிலேயர் தமக்கு வழங்கிய ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளர்களோடு இணைந்தார். ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் கிராமங்களையும் பயிர்களையும் எரித்தன. வயல்கள் பாழாகின. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆராய்ச்சிக்கெனப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது மண்டையோடு 1954இலேயே நாடு திரும்பியது. பிரித்தானியரின் வர்த்தமானியில் துரோகிகள் எனப் பெயர் குறிக்கப்பட்டிருந்தோரின் மீதான அந்த அவப்பெயர் 2016ஆம் ஆண்டிலேயே உத்தியோகபூர்வமாக நீக்கப்பட்டது.

இக்கதை சொல்லப்படும்போது ஹாஜி மரிக்காரின் பெயரைக் கொண்டு ஒரு சமூகத்தையே அளந்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வரலாற்றுக்கு நியாயமாகாது. நியமனம் செய்தவர் ஆளுநர். பிரிவினையை வகுத்தது அவரது நிர்வாகம். கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1818இலேயே, கண்டிப் பிரதேச முஸ்லிம்களைச் சிங்களப் பிரதானிகளின் ஆணைகளிலிருந்து விலக்கி அரசாங்க முகவரின் கீழ் வைக்கும் பிரகடனமொன்றும் வெளியிடப்பட்டது. மலைநாட்டின் உப்பு, பாக்கு, துணி வாணிபத்தைத் தவள மாடுகளின் முதுகில் சுமந்து திரிந்த அச்சமூகம், படைகளுக்கு உணவு கொண்டுசெல்லத் தேவைப்பட்டது என்பதே உண்மை. ஒரே ஊரில் அயலவராய் வாழ்வோரை வெவ்வேறு அதிகாரிகளின் கீழ் வைத்து ஆளும் முறை ஊவாவில் இவ்வாறே அறிமுகமாயிற்று. அரை நூற்றாண்டின் பின்னர் இதே முறை இன்னொரு மக்கள்மீது இன்னும் பெரிய அளவில் பிரயோகிக்கப்பட்டது.

1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்து, வரி அறவிடுதலையும் நீதி வழங்குதலையும் பிரித்தானிய அதிகாரிகளின் கையில் குவித்தது. 1833ஆம் ஆண்டு கோல்புறூக் சிபாரிசுகளின்படி இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது ஊவா துண்டாடப்பட்டது. கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸவும் தென் மாகாணத்துடனும், பிந்தென்ன கிழக்கு மாகாணத்துடனும் சேர்க்கப்பட்டன. பதுளை மத்திய மாகாணத்தின் கீழ் வந்தது. இது வசதிக்காகச் செய்யப்பட்ட பிரிப்பு மட்டுமன்று. கண்டிய உணர்வைக் கலைப்பதும் அதன் நோக்கமாக இருந்தது.

அக்காலப் பதுளையின் அதிகாரி எத்தகையவர் என்பதற்கு மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் ஓர் உதாரணமாவார். படைத்தலைமையும் உதவி அரசாங்க அதிபர் பதவியும் அவரிடமே இருந்தன. வீதி அமைத்ததும் அவரே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெயர்பெற்றவரும் அவரே. 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவரது நினைவாகவே எழுப்பப்பட்டது. அரசாங்கம் என்றால் ஒரு மனிதர் என்ற நிலை அன்று நிலவியது.

இந்த மலைகளின் பெறுமதியை மாற்றியது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கருத வழிசெய்தது. அக்காணிகள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறினர். வழியில் மடிந்தோரை எவரும் முறையாகக் கணக்கிடவில்லை. 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூளாய்த் தோன்றிய நோய், இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயே. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளை தம்பேதன்னையில் காலூன்றினார்.

தோட்டங்கள் பெருகியதும் கண்டியிலிருந்து பதுளையை ஆள்வது இயலாததாயிற்று. ஆளுநர் ஆதர் கோர்டனின் காலத்தில், 1886ஆம் ஆண்டு, ஊவா தனி மாகாணமாக்கப்பட்டு அதற்கென அரசாங்க அதிபர் நியமிக்கப்பட்டார். இதே ஆண்டில் வெகுதொலைவிலுள்ள மேற்கு ஆபிரிக்காவிலும் இதையொத்த ஒன்று நடந்தது என்பது சுவாரசியமானது. 1861இல் பிரித்தானியர் கைப்பற்றிய லாகோஸ் துறைமுக நகரம், முதலில் சியேரா லியோனுடனும் பின்னர் கோல்ட் கோஸ்டுடனும் இணைத்து ஆளப்பட்டு, 1886இல் மீண்டும் தனிக் குடியேற்றமாக்கப்பட்டது. கடற்கரை நகருக்கும் மலைநகருக்கும் ஒப்புமை ஏது என வாசகர் கேட்கலாம். ஆண்டவர்கள் ஒரே கூட்டத்தினர் என்பதே விடை. 1897 முதல் லாகோஸின் ஆளுநராயிருந்த ஹென்றி மக்கலம் 1907இல் இலங்கையின் ஆளுநரானார். இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த ஹியூ கிளிபோர்ட் கோல்ட் கோஸ்டையும் நைஜீரியாவையும் ஆண்டபின் 1925இல் இலங்கைக்கே ஆளுநராகத் திரும்பினார். சுதேசத் தலைவர்களைக் கொண்டு சுதேசிகளை ஆள்வது, ஏற்றுமதிக்குரிய நிலத்தையும் உழைப்பையும் அத்தலைவர்களுக்கு எட்டாத இடத்தில் வைப்பது என்ற சூத்திரத்தை அவர்கள் இரு கண்டங்களிலும் கையாண்டனர்.

புகையிரதப் பாதையும் இச்சூத்திரத்துக்கு உட்பட்டதே. 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்த பாதை, பதுளையை எட்ட 1924 ஏப்ரல் வரை காத்திருந்தது. இன்று உல்லாசப் பயணிகள் நின்று படமெடுக்கும் தெமோதரை வளையமும் ஒன்பது வளைவுப் பாலமும் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காக அமைக்கப்பட்டவை. அதுவரை மாட்டு வண்டியும் தவளமுமே கதியாயிருந்தன. பசறை, லுணுகலை, வெலிமடை கடைவீதிகளில் தமிழ் வணிகரும் முஸ்லிம் வணிகரும் அருகருகே கடை விரித்தது இந்தத் தோட்டப் பொருளாதாரத்தை நம்பியே.

இனி நிர்வாகக் கோட்டுக்கு வருவோம். ஊவாவின் சிங்களக் கிராமத்தவருக்கு ஆராச்சி, கோறளை, அவர்களுக்கு மேல் இரட்டேமகாத்தயா, அதற்கும் மேல் பதுளைக் கச்சேரி என ஒரு படிவரிசை இருந்தது. அது அநீதிகளும் இலஞ்சமும் நிறைந்ததாயினும் முறையிடுவதற்கு ஒரு வாசல் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்ற வேறொரு வரிசை. அவ்வரிசை பங்களா வாசலில் முடிந்தது. வேலையும் வீடும் அரிசியும் மருந்தும் பிள்ளைக்குப் பாடசாலையும் ஒரே கையிலிருந்து வந்தன. பிறப்பு இறப்பை அறிவிப்பதும் துரையின் பொறுப்பாயிருந்தது. கடிதங்கள்கூடத் தோட்டக் காரியாலயத்துக்கே சென்றன. லயன் அறைக்குத் தனி முகவரி கிடையாது. பிற்காலத்தில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது பிறப்பத்திரமின்றி எத்தனையோ குடும்பங்கள் அலைந்ததற்கு வேர் இங்குதான் இருக்கிறது.

1871ஆம் ஆண்டு மீள உயிரூட்டப்பட்ட கிராம சபைகளில் தோட்டத்து மக்களுக்கு இடமிருக்கவில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாக்குரிமை வழங்கவும் இந்தியத் தொழிலாளருக்கு மறுக்கவும் முற்பட்டனர். இந்திய அரசாங்கத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. உடனே சட்டத்தில் சொல் மாற்றப்பட்டது: இந்தியர் என்பதற்குப் பதிலாக, தோட்டத்தில் தோட்டத்துக்குரிய வசிப்பிடத்தில் வாழும் தொழிலாளர் விலக்கப்பட்டனர். இனத்தின் பெயர் போய் இடத்தின் பெயர் வந்தது, பயனோ ஒன்றே. இச்சொல் மாற்றம் சாமர்த்தியமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏனெனில் சுதந்திர இலங்கையின் சட்டங்களும் அதே வாசகத்தைக் கூச்சமின்றித் தொடர முடிந்தது.

கோட்டை மீற மக்கள் முயலவில்லை என்று எவரும் கூறமுடியாது. 1940ஆம் ஆண்டு மே மாதம் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்து, அதனோடு கலந்தே நிர்வாகம் நடத்தத் துரையைச் சம்மதிக்கச் செய்தனர். அமைதியை நிலைநாட்ட வந்த பொலிஸாரின் ஆயுதங்களும் பறிக்கப்பட்டன. பொலிஸ் தடையை மீறி அதே மாதம் 12ஆம் திகதி பதுளையில் சமசமாஜக் கட்சி மாபெரும் கூட்டம் நடத்தியது. எழுச்சி நீடிக்கவில்லை. எனினும் பங்களாவின் அதிகாரம் அசைக்க முடியாததன்று என்பது ஒருமுறையேனும் நிரூபணமாயிற்று.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் இம்மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இவற்றைப் பற்றி இப்பத்தியில் விரிப்பதற்கில்லை. மலையக வாசகர் அறிந்தவையே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றபோதும் கச்சேரிக்கும் பங்களாவுக்கும் இடையிலான கோடு அசையவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை சட்டரீதியாகத் தீர்ந்தது. வாக்காளராகிவிட்ட மக்கள் பிரதேச சபை உறுப்பினரைத் தெரிவுசெய்தனர். ஆனால் அவ்வுறுப்பினர் தமக்கு வாக்களித்த லயனுக்கு ஒரு பாதையைச் செப்பனிட்டுக் கொடுக்க முடியாதிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியதே காரணம். 2018ஆம் ஆண்டிலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. ஊவா தனி மாகாணமாகி அப்போது 132 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சட்டம் திருந்தியது ஒரு பக்கம். நிலம் மறுபக்கம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம்; குத்தகையோ கம்பனிக்கு. லயனில் தலைமுறைகளாய் வாழும் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் என்பது ஒவ்வொரு அரசாங்கத்தின் மேடையிலும் கேட்கும் வாக்குறுதியாகிவிட்டது. இந்திய உதவியுடனான 4,000 வீட்டுத் திட்டம் மத்திய, ஊவா மாகாணங்களில் சில தோட்டங்களைத் தொட்டது. பெரும்பாலான லயன்கள் அவ்வாறே நிற்கின்றன.

இந்த இரட்டை நிர்வாகத்தின் விலை என்னவென்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் நாடே கண்டது. மலை சரிந்து லயன் வரிசைகளை மண்ணுக்குள் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் அதிகாரிகளால் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தது அரச நிறுவனம், நிலம் தோட்டத்தினுடையது, மாற்றுக் காணி தர வேண்டியது யார் என்பதில் பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் ஒன்றையொன்று நோக்கின. தமக்கெனச் சொந்த நிலமில்லாத மக்கள் எங்கே எழுந்து போவர்? 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டச் சரிவுகளை மீண்டும் பெயர்த்தபோது, லயன்களிலிருந்து வெளியேறியோர் முன்வைத்ததும் இதே வினாவைத்தான்: மீள்குடியேற்றத்துக்கான காணியைக் கேட்டுக் கச்சேரிக்குப் போவதா, தோட்டக் காரியாலயத்துக்குப் போவதா?