தொண்டைப் புற்றுநோய்: குரலையும் காப்பாற்றும் நவீன கதிர்வீச்சு!

அருமனைப் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்குத் தொண்டை கம்மினால், 'பனி பிடிச்சிருக்கும்' என்று சுக்குக் காப்பியோடு விட்டுவிடுவார். ஆனால், குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். குரல்நாணில் வரும் புற்றுநோயின் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் அதுதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், கதிர்வீச்சு மட்டுமே போதும். பெரும்பாலானோர் குணமாகிவிடுவார்கள், குரலும் மிஞ்சும்.

நூறாண்டுக் கவலை

இந்த வட்டாரத்துக்குப் புற்றுநோய் புதிதல்ல. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகள் பற்றி 1908-லேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். பின்னாளில் அதே ஆஸ்பத்திரியில் இருந்தவர், எவரெஸ்ட் பயணங்களுக்குப் பேர்போன டாக்டர் சாமர்வெல். வாய்ப்புற்றுநோய் பற்றி அவரும் எழுதியிருக்கிறார்.

1957-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் இயந்திரம் வந்தது. 1981-ல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தொடங்கப்பட்டது.

என்ன மாறியிருக்கிறது?

பழைய முறையில் கழுத்தின் இரு பக்கமிருந்தும் கதிர் பாயும். கட்டியோடு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வாடும். பிறகு ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

இப்போதுள்ள 'ஐ.எம்.ஆர்.டி.' முறையில், இயந்திரத்துக்குள் நகரும் மெல்லிய உலோகத் தகடுகள் கதிரைக் கட்டியின் வடிவத்துக்கே செதுக்கித் தருகின்றன. பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவிகிதம். புதிய முறையில் 38 சதவிகிதம்.

குறி தப்பாமலிருக்க, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் பதித்து ஒரு 'மாஸ்க்' செய்வார்கள். இயந்திரத்திலேயே ஸ்கேன் எடுத்து, இடத்தைச் சரிபார்த்த பிறகே கதிர் பாய்ச்சுவார்கள். முற்றிய நோய்க்குக் கீமோவும் சேரும். 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவிகிதம் பேருக்குக் குரல்வளையை வெட்டி எடுக்காமலே காப்பாற்ற முடிந்தது.

சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால், எல்லோருக்கும் அது தேவைப்படாது.

ஏழு வாரம்... என்ன கவனிக்க வேண்டும்?

முற்றிய நோய்க்கு வழக்கமாக வாரம் ஐந்து நாள் வீதம் 35 முறை. கதிர் பாயும்போது வலிக்காது. மூன்றாவது வாரத்தில்தான் தொண்டை புண்ணாகும். 'கூலி போகுது, பஸ் செலவு ஆகுது' என்று பலர் நடுவில் நிற்பதும் அப்போதுதான். இடைவெளி விட்டால் குணமாகும் வாய்ப்பு குறையும்.

* முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு எளிதில் ஆறாது.
* பீடி, சிகரெட், புகையிலையை அன்றே நிறுத்துங்கள்.
* எரிவான மீன் குழம்பை ஒதுக்கிவிட்டு, பயறு சேர்த்த கஞ்சி, முட்டை, பாலில் மசித்த ஏத்தன் பழம் சாப்பிடுங்கள். எடை குறைந்தால் மாஸ்க் தளர்ந்து, குறியும் மாறலாம்.
* விழுங்கும் பயிற்சியை விடாதீர்கள். மூக்கு வழியே உணவுக் குழாய் வைத்தாலும் பயம் வேண்டாம். பெரும்பாலும் அது தற்காலிகம்தான்.
* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று முன்பே கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்துக் குரல் மறுபடி கம்மினால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். மறுநாளே கிளம்புங்கள்.