மலைப்பாதையில் குதிரைச் சவாரி: தரமும் பாதுகாப்பும்

இமயமலையில் சோன்மார்க், கேதார்நாத் முதலிய இடங்களின் மலைப்பாதைகளில் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பயணிகளைச் சுமந்து செல்கின்றன. பல குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் இயற்றப்பெற்ற விதிகள், பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என வரம்பு கட்டியுள்ளன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. முள் பதித்த கடிவாளம் கூடாது. சேணம் தோள்மேட்டில் நேரடியாகப் படியலாகாது.

இவை விலங்கின்மீதுள்ள இரக்கத்திற்காக மட்டும் அமைந்தவையல்ல. சேணப் புண்ணால் மிரளும் குதிரை, செங்குத்துச் சரிவில் பயணியின் உயிருக்கே ஆபத்தாகும். அது ஓய்ந்து நின்றால் உரிமையாளரின் வருவாயும் நின்றுவிடும். ஆகவே, சவாரிக்கு அனுமதி வழங்கும் அலுவலர் ஏட்டை மட்டும் பாராது, சேணத்தை இறக்கி முதுகையும், காலைத் தூக்கி லாடத்தையும் பார்த்தல் வேண்டும்.