பாய்லருக்கு மஞ்சள் காமாலை!

ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா... இது ஊருக்கே தெரியும். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவே ஏதாவது ஒரு கடையில் டீ சொல்லிவிட்டு, பாய்லருக்கு அடியில் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். நாம் எக்ஸாமுக்கு மட்டும் மனப்பாடம் பண்ணுகிற பெர்னூலி, அங்கே தினமும் டியூட்டி பார்க்கிறார்!

கரி போட்டு ஊதிய காலம் போய், இப்போது நிறைய பாய்லர்கள் கேஸில்தான் ஓடுகின்றன. சிலிண்டருக்குள் எல்.பி.ஜி. திரவமாக இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே இருக்கும் பிரஷர், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. வீட்டு ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 மில்லிபாருக்கு அடக்கிவிடும். 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். ஒரு பெரிய ஸ்கேல் உயரம் பாஸ்! கடைகளில் 19 கிலோ சிலிண்டர். அதற்கு, திருகித் திருகி பிரஷரை ஏற்றுகிற ரெகுலேட்டர்களும் உண்டு. வம்பு ஆரம்பிப்பதே அங்கேதான்.

பர்னரின் ஹீரோ, ஜெட். ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்ட குட்டிப் பித்தளைத் துண்டு. அதிலிருந்து பாய்கிற கேஸ், பக்கத்தில் இருக்கும் காற்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் ஓடுகிறது. ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. நம்ம லேபில் இருக்கும் புன்சன் பர்னர், 1855-லிருந்து இதே டெக்னிக்கில்தான் எரிகிறது. ஒரு பங்கு கேஸ் முழுசாக எரிய, புரொப்பேன் என்றால் 24 பங்கு, பியூட்டேன் என்றால் 31 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி இந்தக் குழாய் வழியாக வருகிறது. மீதியைச் சுடர் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

காற்று பத்தவில்லை என்றால்? நீலச் சுடருக்கு மஞ்சள் காமாலை! பாய்லர் அடியில் கரி அப்பும். சூடு உள்ளே போவது குறையும். அதைவிட மோசம், கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஷட்டரை அரைகுறையாக இறக்கிவிட்டு வேலை பார்க்கிற கடைகளில் இது ஆளையே காலி பண்ணிவிடும்.

சரி, மஞ்சளாக எரிந்தால் பல இடங்களில் என்ன செய்கிறார்கள்? ஒன்று, ரெகுலேட்டரைத் திருகி ஏற்றுவது. பிரஷர் ஏறினால் கேஸ் ஏறும். கூடவே இழுபடும் காற்றும் கிட்டத்தட்ட அதே அளவில் ஏறும். விகிதம் மாறாதே! காமாலை அப்படியே இருக்க, பில் மட்டும் எகிறும். அதிலும் கேஸ் இரண்டு மடங்கு வேண்டும் என்றால் பிரஷர் நாலு மடங்கு ஆக வேண்டும். நல்ல பர்னரிலேயே ஓவராக ஏற்றினால், சுடர் பர்னரை விட்டு எழும்பி, 'உஸ்ஸ்ஸ்' என்று சீறி, சட்டென அணைந்தும் போகும்.

இன்னொரு வைத்தியம், ஜெட்டை ஊசியால் குடைவது. இது கொடுமை! ஓட்டையின் விட்டம் 20 சதவிகிதம் பெரிதானால் கேஸ் 44 சதவிகிதம் அதிகமாகப் பாயும் (வர்க்கம் போட்டுப் பாருங்கள்). காற்று அந்த அளவுக்கு ஏறாது. விளைவு, இன்னும் மஞ்சள்.

உண்மையான மருந்து ரொம்ப சிம்பிள். கேஸை மூடி, ஆறவிட்டு, பர்னர் துளைகளில் பொங்கி வழிந்த பாலைச் சுரண்டி எடுப்பது. கலவைக் குழாயில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறதா என்று பார்ப்பது. காற்று வழித் தகட்டைக் கொஞ்சம் திறப்பது. ஓட்டை பெரிதாகிப்போன ஜெட்டை மாற்றுவது. காற்றை ஓவராகத் திறந்துவிட்டு அடுப்பையும் தணித்தால், சுடர் 'டப்'பென்று குழாய்க்குள் ஓடி ஜெட்டிலேயே எரியும். அதனால் அளவோடு!

கூட்ட நேரத்தில் சிலிண்டருக்கு வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரவம் ஆவியாக வேண்டும் என்றால் சூடு வேண்டும். அதைச் சிலிண்டரே கொடுப்பதால் ஜில்லென்று ஆகி, பிரஷர் விழுகிறது. அதற்குத் தீர்வு சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவதோ, ரெகுலேட்டரை ஏற்றுவதோ இல்லை. இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒரே லைனில் சேர்த்து, ஒவ்வொன்றின் சுமையையும் குறைப்பதுதான்.

அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால், அங்கே கதை வேறு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கு இன்றும் விறகடுப்புதான் பேமஸ். பால் கொதிக்கும்போது நல்ல தீ, இறுகும்போது அடக்கமான தீ. விறகை வெளியே இழுத்தால் தீ தணியும், அவ்வளவுதான் கன்ட்ரோல். பெரிய பால் பண்ணைகள் மாதிரி இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் நீராவி விட்டால் வேலை சுலபம். பாய்லர் கேஜ் 1 பார் காட்டினால் நீராவி 120 டிகிரி. பிரஷரைப் பிடித்து வைத்தால் சூடு தானாக நிற்கும். அந்த பாய்லரின் பர்னரில் சுடரை 'வாட்ச்' பண்ண ஒரு சென்சாரும் உண்டு. தீ அணைந்தால் சில நொடிகளில் கேஸ் கட்!

டீக்கடை பாய்லருக்கு அந்த சென்சார், மாஸ்டரின் கண்தான். குனிந்து பார்க்கும்போது அவர் முறைத்தால், கம்பெனி பொறுப்பல்ல!