சொந்தப் பாட்டுக்கு ஒரு சின்ன ஹால் கிடைக்குமா?

எழுமலை பக்கம் திருவிழா என்றால் கச்சேரி நிச்சயம். கரகாட்டமோ, நையாண்டி மேளமோ, இன்னிசைக் கச்சேரியோ ஏதாவது ஒன்று இருக்கும். தெருமுனை வரை ட்யூப்லைட், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அப்பத்தா முதல் ஐஸ் வண்டியைச் சுற்றும் பொடிசுகள் வரை எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி, கூடவே ஒரு நூறு ரூபாய் நோட்டையும் வைத்து மேடைக்கு அனுப்பினால் அந்தப் பாட்டு வந்துவிடும்.

அதே மேடையில் ஒரு பையன் ஏறி, "இது நானே எழுதி மெட்டுப் போட்டது" என்று கிடாரைத் தொட்டால்? இரண்டு நிமிடம் பொறுப்பார்கள். மூன்றாவது நிமிடம் சீட்டு வந்துவிடும். கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஊரே வரி போட்டு நடத்தும் திருவிழா, வருஷத்துக்கு ஒரு ராத்திரி. தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள்.

சினிமா கம்பெனியையோ பெரிய ஆடியோ நிறுவனத்தையோ நம்பாமல், தாங்களே எழுதி, தாங்களே வாசித்து வெளியிடும் குழுக்களைத்தான் 'இண்டி' என்கிறார்கள். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் இந்தக் குழுக்கள் வளர்வது சின்ன இடங்களில்தான். நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஹால், முழங்கால் உயர மேடை. டிரம்ஸ் அடிப்பவரின் நெற்றி வியர்வை முன்வரிசைக்குத் தெரியும். பேஸ் கிடார் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் இடிக்கும். பாட்டு யாருக்கும் தெரியாது. ஆனாலும் இரண்டாவது பல்லவியில் நாலு பேர் கூடப் பாடுவார்கள். அந்த நாலு பேர்தான் அடுத்த முறை பத்து பேரைக் கூட்டி வருவார்கள்.

தமிழில் இப்படி வந்தவர்களில் முக்கியமானவர்கள், கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' குழு. அந்தத் தென்மாதான் பின்னர் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்துடன் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார். கானா, ராக், ராப் என்று 19 கலைஞர்கள். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையிலிருந்து வந்த பெயர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றி மேடையிலேயே பாடினார்கள். எந்தத் திருவிழாவில் இதற்குச் சீட்டு வரும்? அந்தக் குழுவில் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். கானா பாடும் இசைவாணி 2020-ல் பி.பி.சி-யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

எழுமலையிலிருந்து இப்படி ஒரு கச்சேரியைப் பார்க்கக் கிளம்பினால், உசிலம்பட்டி, ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி என்று மாறிமாறி ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னையில் இறங்க வேண்டும். இறங்கினாலும் ஒரு சிக்கல். பெருநகரங்களில் பல கச்சேரிகள் மது விற்கும் இடங்களில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயதாக வேண்டும் என்பதால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பெண் பிள்ளை என்றால் வீட்டு வாசலையே தாண்ட முடியாது என்பது வேறு கதை.

இதற்கு மது அவசியமே இல்லை என்பதற்கு லிவர்பூலில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே மேத்யூ தெருவில், பழைய கிடங்கு ஒன்றின் நிலவறையில் இருந்த 'கேவர்ன்' கிளப்பில்தான் 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் கிட்டத்தட்ட 290 தடவை வாசித்தார்கள். அப்போது அங்கே மது விற்கவில்லை. காபி, சூப், குளிர்பானம்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளையிலும் கச்சேரி நடக்கும். டைப்பிஸ்ட் பெண்களும் கடைப் பையன்களும் ஓடிவந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். பின்னாளில் அவர்களின் மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் முதன்முதலில் அவர்களைப் பார்த்ததும் 1961 நவம்பர் 9-ல் நடந்த ஒரு மதியக் கச்சேரியில்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்டிப் போனால் பண்ணைப்புரம். அங்கிருந்து கிளம்பிய பாவலர் வரதராசன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார். 14 வயதில் அந்த அண்ணனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிய தம்பிதான் இளையராஜா. 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அதற்கு முன் எத்தனை மேடை, எத்தனை இரவு! புதுப் பாட்டைக் கேட்க அன்று கட்சிக் கூட்டம் இருந்தது. இன்று யூடியூப் இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பாட்டு எந்த இடத்தில் தொய்கிறது, எந்த வரியில் கூட்டம் நிமிர்கிறது என்பதை வியூஸ் எண்ணிக்கை சொல்லாது. எதிரில் நிற்கும் ஐம்பது முகம் சொல்லிவிடும்.

எழுமலையிலோ உசிலம்பட்டியிலோ அந்த ஐம்பது முகத்தைக் கூட்டுவது ஒன்றும் பெரிய செலவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலே போதும். ஒரு டிரம் செட், இரண்டு ஆம்ப்ளிஃபையர், பாடகருக்கு மைக், சின்ன மிக்ஸர். டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம், சின்ன ஹாலில் அது தானாகவே அதிரும். சுவர் எதிரொலிக்கும் என்பதால் டிரம்ஸுக்குப் பின்னால் நாலைந்து ஜமுக்காளத்தைத் தொங்கவிட வேண்டும். ஆள் நிறைந்ததும் எதிரொலி இன்னும் குறையும். திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத்தான் இரவு 10 மணிக் கெடு. மூடிய மண்டபத்துக்கு, சத்தம் வெளியே போகாதவரை, விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவது நல்லது. ஒன்பதுக்குள் முடித்தால்தான் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் பிடிக்க முடியும்.